பத்து மணிக்கு ஒரு வாழைப்பழம்

என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது நான் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். இது மாமியார் போட்ட சட்டமில்லை. மருத்துவமனையில் உணவு ஆலோசகர் அம்மா போட்ட சட்டம். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறுவேளை. அவர் தட்டைப் பார்த்து நான் எதுவும் சொல்லக் கூடாது. "போதுமா?" கூடாது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" கூடாது. "அவ்வளவுதானா?" கூடவே கூடாது. மழையைப் பற்றிப் பேசலாம், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிப் பேசலாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டோம். அதனால் நாய்தான் பாக்கி. அந்த நாயைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அதைப் பெற்ற நாய்க்கே தெரியாது.

எனக்கு அலுத்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு "புருஷன் உடம்பு சரியில்லாம இருக்கும்போது இப்படியும் ஒருத்தியா" என்று யாரும் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். உடம்பு சரியில்லாதவருக்கு ஒரு நோய். பக்கத்தில் இருக்கிறவளுக்கு அந்த நோயோடு சேர்த்துச் சமையல், துணி துவைப்பது, வேலைக்குப் போவது எல்லாம் உண்டு.

இவர் டவர் கிரேன் ஆபரேட்டர். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் வானத்துக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் இரும்புக் கை நீண்டிருக்குமே, அதன் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் உட்காருகிற ஆள். நான் அதே கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்கிறவள். கையில் வாக்கி டாக்கி. ஏத்து, இறக்கு, இடப்பக்கம் திருப்பு, மெதுவா, நிறுத்து. மேலே இருக்கிறவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது, அவருக்கு நான்தான் கண். வீட்டில் நான் சொல்லி ஒரு விளக்கைக்கூட அணைக்காத மனுஷன், வேலையில் நான் "நிறுத்து" என்றால் மூச்சையும் சேர்த்து நிறுத்துவார்.

இந்தத் தொழிலில் ஒரு பெருமை உண்டு. கூண்டுக்கு ஏறுவதற்கு ஏணிக்கு மேல் ஏணி. ஏறவே மூச்சு வாங்கும். நடுவில் ஒருவர் இறங்கி ஏறினால் அவ்வளவு நேரமும் கிரேன் நிற்கும். கிரேன் நின்றால் கம்பி கட்டுகிறவர், கான்கிரீட் போடுகிறவர், பலகை அடிக்கிறவர் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் ஏறினவர்கள் இறங்குவதில்லை. சாப்பிட்டால் தாகம் எடுக்கும், தண்ணீர் குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும், எனவே இரண்டும் வேண்டாம் என்று இருந்துவிடுவார்கள். "காலையில ஏறினா வேலை முடிஞ்சுதான் இறங்குவான்" என்பது எங்களிடத்தில் பெரிய பட்டம். இவர் அந்தப் பட்டத்தை வருஷக்கணக்கில் சுமந்தவர்.

பகல் முழுக்க வெறும் வயிறாக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார். அதைச் சாப்பாடு என்று சொல்வதற்கே எனக்கு இப்போது வாய் வருவதில்லை. நின்றுகொண்டே, பாத்திரத்திலிருந்தே, ஆறிப்போனதை, சூடு பண்ணக்கூடப் பொறுக்காமல். ருசி பார்க்கிற முகம் இருக்காது. கண் எங்கேயோ இருக்கும், கையும் வாயும் மட்டும் வேலை செய்யும். மூச்சு முட்டும்வரை நிறுத்த முடியாது. பிறகு குளியலறை வாசலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொள்வார். மறுநாள் அதற்குத் தண்டனையாக இன்னும் இறுக்கமான பட்டினி. பட்டினியின் முடிவில் மறுபடி அதே கூத்து. பார்க்கிறவர்கள் எல்லோரும் "உழைக்கிற மனுஷன், நல்லாச் சாப்பிடுறார்" என்றார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று பழமொழியே இருக்கும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்?

முழங்கால் வீங்கி எலும்பு டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. சர்க்கரையும் ஏறியிருந்தது. டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஒரு நாளைக்கு எப்படிச் சாப்பிடுவீங்க?" அதற்கு இவர் பதில் சொல்லாமல் அழுதார். அப்பா இறந்தபோதுகூடக் கண் கலங்காத ஆள்.

அங்கிருந்து மனநல மருத்துவரிடமும், அவர் சொல்லி உணவு ஆலோசகர் அம்மாவிடமும் போனோம். அந்த அம்மா வயதில் என்னைவிடச் சிறியவர், பேச்சில் மெதுவானவர். "இது பெருந்தீனி இல்ல, பேராசை இல்ல, ஒழுக்கக்கேடும் இல்ல. நோய். உங்க மேல தப்பில்ல" என்றார். இவர் அதை நம்பப் பல மாதம் ஆயிற்று.

முதலில் எடை குறைப்பதைப் பற்றிப் பேச்சே கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், எதையும் தவிர்க்காதீர்கள், பசி வெறியாகிறதுக்கு முன்னாலேயே சாப்பிடுங்கள், அவ்வளவுதான். வீட்டிலிருந்த எடை மெஷினை அந்த அம்மா சொல்லித்தான் நான் பழைய இரும்புக்காரருக்குத் தூக்கிக் கொடுத்தேன். அந்த மாதங்களில் இவர் இன்னும் கொஞ்சம் பருத்தார். ஆனால் ராத்திரிக் கூத்து மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் அது கடைசியாக எப்போது நடந்தது என்று யோசித்துப் பார்க்கும்படி ஆயிற்று. அதற்குப் பிறகுதான் முழங்காலையும் சர்க்கரையையும் முன்னிட்டு, "இப்ப மெதுவா குறைக்கலாம்" என்றார் அந்த அம்மா.

மெதுவாக என்றால் அப்படியொரு மெதுவு. வேளை ஐந்தும் அப்படியே. தட்டில் காய் கொஞ்சம் கூடும், சோறு கொஞ்சம் குறையும். சாப்பிட்ட பிறகு நடை. நேரத்துக்குத் தூக்கம். பட்டினி மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அவரிடம் போகும்போது மெஷின் மேல் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். எண் அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். "சரியா போகுது" என்பார். "எவ்வளவு?" என்றால் சிரிப்பார். "பதறாத காரியம் சிதறாதுங்க."

ஆனால் பதறுவதற்குக் காரணம் இருந்தது. எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி இவரைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார். ஏணியில் ஏறும்போது மாட்டுகிற பெல்ட்டும், ஆபத்தென்றால் கூண்டிலிருந்து கயிற்றில் இறங்குகிற கருவியும் இன்ன எடை வரைக்கும்தான் தாங்கும் என்று அதன்மேலேயே அச்சடித்திருக்கிறது. இவர் அதைத் தாண்டியிருந்தார். "என் மேல கோபப்படாதீங்க, கயிறு மேல கோபப்படுங்க" என்றார் அதிகாரி. நல்ல மனிதர்தான். சட்டம் பேசுகிற நல்ல மனிதர்களோடு சண்டை போடவும் முடியாது.

ஆக இவர் தரைக்கு வந்தார். என் தம்பியும் அதே இடத்தில்தான் வேலை செய்கிறான், சரக்கில் சங்கிலி மாட்டி விடுகிற வேலை. அவனோடு இவரையும் போட்டார்கள். வானத்தில் உட்கார்ந்திருந்தவர் இப்போது சேற்றில் நின்று, மனைவி கையசைத்தால் கொக்கி மாட்டினார். "வீட்லயும் நீ, வெளியிலயும் நீ" என்றார் முதல் நாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மாலை வரை அண்ணாந்து பார்க்கவேயில்லை.

இவருடைய கூண்டில் இப்போது உட்காருகிறவரை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள். நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் வந்த பெயர். அவருக்கு அந்தப் பெயரில் பெருமை. கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு பாரத்தைத் தூக்கினால் லேசாக ஒரு குலுக்கு குலுக்குவார். இவர் தூக்கினால் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி இருக்கும். சங்கிலி மாட்டுகிற என் தம்பிக்கு அந்த வித்தியாசம் விரலில் தெரியும். "மாமா எப்பக்கா மேல போவாரு?" என்று தினமும் நச்சரிப்பான்.

காலை பத்து மணிக்கு இவருடைய சிறுவேளை. ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வேகவைத்த பயறு. கம்பி அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஐம்பது பேர் பார்க்கச் சாப்பிட வேண்டும். முதல் வாரம் கிண்டல் தூள் பறந்தது. "ஸ்கூல்ல மணி அடிச்சாச்சு டோய்!" என்று பலகைக்காரர் கத்துவார். இவர் பழத்தை உரித்துக்கொண்டே, "உனக்குப் பாஸ் மார்க் வராது, நீ வெளியில நில்லு" என்பார். எனக்கு அவர் அப்படிப் பதில் சொன்ன நாள் நன்றாக நினைவிருக்கிறது. எதிரே உட்கார்ந்து நாயைப் பற்றிப் பேசிய அத்தனை அலுப்புக்கும் அன்றைக்கு ஒரு கூலி கிடைத்தது போல இருந்தது.

இந்த நேரத்தில்தான் பக்கத்தில் இரண்டாவது கட்டடத்துக்கான கிரேனை எழுப்ப ஆரம்பித்தார்கள். புது மெஷின், இன்னும் உயரம். அதிகாரி இவரைக் கூப்பிட்டு, "புதுசு நிக்கற அன்னிக்கு உங்கள எடை பாக்கறேன். அளவுக்குள்ள இருந்தா அது உங்களுக்கு. இல்லன்னா ஒட்டகத்துக்கு, பழசுக்கு வெளியிலேருந்து ஆள் வந்துடும். அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு வேற கிரேன் கிடையாது" என்றார். உணவு ஆலோசகர் அம்மாவிடம் போய்ச் சொன்னோம். அவர் யோசித்துவிட்டு, மேலே போனாலும் பத்து மணிக்குச் சாப்பிடுவேன், தண்ணீர் குடிப்பேன், இறங்க வேண்டியிருந்தால் இறங்குவேன் என்று இவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். "நீங்க இப்ப போற வேகமே போதும். எதையும் மாத்தாதீங்க" என்றார்.

மாற்றாமல்தான் இருந்தார், என் தம்பி புண்ணியம் கட்டிக்கொள்ளும் வரை.

அன்று மதிய இடைவேளை. நான் வாசல் கேட் பக்கத்தில் கம்பி லாரியை உள்ளே விடுகிற வேலையில் இருந்தேன். கிரேனில் ஒரு திரை உண்டு, கொக்கியில் தொங்குகிற பாரத்தைக் கூண்டிலிருக்கிறவருக்குக் காட்டும். தம்பிக்கு ஒரு யோசனை. ஆட்களை ஏற்றுகிற இரும்புக் கூடை இருக்கிறது. அதில் மாமாவை நிற்க வைத்து, லேசான பாரத்தைத் திரை சரியாகக் காட்டாது என்பதால் கூடச் சில சிமெண்ட் மூட்டைகளைப் போட்டு, தரையிலிருந்து ஒரு முழம் தூக்கினால் திரை மொத்தத்தைச் சொல்லிவிடும். கூடையின் எடை அதன் பக்கத்தில் பொறித்திருக்கிறது, மூட்டையின் எடை மூட்டையில் எழுதியிருக்கிறது. இரண்டையும் கழித்தால் மாமா. ஆலோசகர் அம்மா மறைத்து வைத்த நல்ல செய்தியை மாமாவுக்குச் சொல்லிச் சந்தோஷப்படுத்திவிடலாம்.

இவர் ஏன் ஏறினார் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டேன். "எல்லாரும் கூப்பிட்டாங்க" என்றார். உள்ளுக்குள் அவருக்கே தெரிய வேண்டியிருந்தது. வேறென்ன?

எனக்குத் தெரிந்தது வாக்கி டாக்கியில்தான். ஒட்டகத்தின் குரல். "கூடையக் கழிச்சாச்சு, மூட்டையக் கழிச்சாச்சு. நம்ம ஆளு..." என்று ஒரு எண்ணைச் சொன்னார். அந்த எண்ணை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அந்த அலைவரிசையில் இருக்கிற அத்தனை பேரும் கேட்டார்கள். கயிறு தாங்குகிற அளவைவிட அது நன்றாகவே கூடுதல்.

லாரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கூடை தரைக்கு வந்திருந்தது. இவர் இன்னும் அதற்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். சிரித்த முகம் சிரித்தபடியே காய்ந்துபோயிருந்தது. சுற்றி நின்றவர்கள் யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"டேய், உனக்குத் தலைக்குள்ள இருக்கறது மூளையா, களிமண்ணா?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்ல சேதி சொல்லலாம்னுதான்க்கா..." என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது.

இவர் கூடையிலிருந்து இறங்கி, "விடும்மா, அவன் என்ன பண்ணுவான். இவ்வளவு நாளா நேரா நேரத்துக்குத் தின்னதுக்கு இதான் பலன்" என்றார். கோபமே இல்லாத குரல்.

மறுநாள் பத்து மணிக்கு, "கை அழுக்கா இருக்கு, அப்புறம் பாத்துக்கறேன்" என்றார். அப்புறம் வரவேயில்லை. மதியச் சாப்பாட்டை என் கண்ணெதிரே பலகைக்காரருக்குத் தள்ளிவிட்டார். ராத்திரி தட்டில் இருந்ததை இங்கிருந்து அங்கே நகர்த்திக்கொண்டு, நாயைப் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். அன்பாகப் பேசினார். எனக்குக் கால் வலிக்கிறதா என்றுகூடக் கேட்டார். அவர் அவ்வளவு இனிமையாக இருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம். பையிலேயே கிடந்த வாழைப்பழம் கறுத்துக் கசிந்தது. நான் அதை எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று வைத்தேன். அதுவும் கறுத்தது.

இந்தப் பட்டினியின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ராத்திரி சமையலறையில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். சத்தமில்லை. சத்தமில்லாதது நிம்மதியாகவும் இல்லை.

உணவு ஆலோசகர் அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த நம்பர் சரியா தப்பான்னு வாதம் பண்ணாதீங்க. அவரை அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் கூப்பிடுங்க. நாளன்னிக்கு இங்க கூட்டிட்டு வாங்க. வற்புறுத்த வேண்டாம். நீங்க போலீஸ் இல்ல" என்றார்.

"போலீஸுக்காவது லீவு உண்டுங்க" என்றேன்.

"தெரியும். உங்களுக்கும் கஷ்டம்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு, போனை வைத்துவிட்டுத் துணி துவைக்கிற இடத்தில் நின்று நன்றாக அழுதேன். இவர் காதில் விழவில்லை. யாரும் கேட்கக் கூடாது என்றுதான் அங்கே போனேன்.

அடுத்த வேளைக்குக் கூப்பிட்டேன். "எடை பாத்ததும் சாப்பிடுறேன். அதுவரைக்கும் என்னை விடு" என்றார். அவரை அந்த அம்மாவிடம் கூட்டிப் போவதற்கு முந்தைய நாளே புது கிரேன் எழுந்து நின்றுவிட்டது.

அன்று காலை அதிகாரியின் அறைக்கு எல்லோரும் போனோம். தகரப் பெட்டி போன்ற அறை, உள்ளே மேஜை, ஹெல்மெட் மாட்டுகிற ஆணிகள், மூலையில் எடை மெஷின். இவர் ஷூவைக் கழற்றிவிட்டு ஏறினார். இந்த மெஷினில் சுவரைப் பார்த்து நிற்கிற வழக்கமெல்லாம் இல்லை. அதிகாரி குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"பாஸ்!" என்றார். "அளவுக்குள்ள தாராளமா இருக்கீங்க. போய் பெல்ட் மாட்டுங்க. பழைய கிரேன்லயே ஏறி ஒரு பாரம் தூக்கிக் காட்டுங்க, புதுசு உங்களுது."

தம்பி துள்ளினான். ஒட்டகம் கை கொடுத்தார். இவர் என் பக்கம் திரும்பினார். உதடு வெளுத்திருந்தது, கண் மட்டும் பளபளத்தது. "பாத்தியா? சும்மா இருந்ததுலயே எவ்வளவு இறங்கியிருக்கு பாத்தியா? இத விட்டுட்டு அந்தம்மா பேச்சக் கேட்டுக்கிட்டு..." என்றார்.

எல்லோரும் வெளியே போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். எனக்குப் படிப்பு குறைவு, ஆனால் பாரம் என்றால் என்னவென்று தெரியும். கூடையில் சொன்ன எண்ணுக்கும் இந்த மெஷின் சொன்ன எண்ணுக்கும் நடுவில் இருந்த அளவு, சில நாள் பட்டினியில் எந்த உடம்பிலிருந்தும் போகாது. வெளியே ஓடிப்போய்த் தம்பியைச் சட்டையோடு பிடித்தேன்.

"அன்னிக்கு மொத்தத்துல எதையெல்லாம்டா கழிச்சீங்க?"

"கூடை, மூட்டை."

"கூடைய எதுல மாட்டுன?"

"நாலு கால் சங்கிலியில."

"சங்கிலியக் கழிச்சியா?"

நாள் முழுக்க அந்தச் சங்கிலியை இழுத்துத் தோள் காய்த்துப் போனவன் அவன். எங்களுக்கெல்லாம் சங்கிலி கை மாதிரி. கையை யார் கணக்கில் எடுப்பார்கள்? தடித்த இரும்புச் சங்கிலி, நாலு கால், நாலு கொக்கி. அதை முழுக்க மாமா தலையில் கட்டியிருந்தான்.

அப்படியென்றால் இவர் அன்றைக்கே அளவுக்குள் வந்துவிட்டிருந்தார். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, ஐம்பது பேர் கிண்டல் செய்யப் பழம் உரித்து, நடந்து, தூங்கி, மெதுவாகவே வந்து சேர்ந்துவிட்டிருந்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அது எங்கள் வீட்டுக் கதையாகிப் போயிற்று.

அவர் ஏணியடியில் நின்று பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். மார்புப் பட்டையின் கொக்கி வளையத்துக்குள் போகவில்லை. மறுபடி முயன்றார். விரல் நடுங்குகிற நடுக்கத்தில் கொக்கி வளையத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது அவருக்கு.

கிட்டே போனேன். "ஏங்க, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"இறங்கி வந்து சாப்பிடுறேன்."

"அன்னிக்குச் சொன்ன எடை தப்புங்க. சங்கிலியக் கழிக்கல. நீங்க சாப்பிட்டுக்கிட்டே இறங்கியிருக்கீங்க. பட்டினியால இல்ல."

அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. "அதெல்லாம் அப்புறம் பேசலாம்."

"கையக் காட்டுங்க."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைப் பின்னால் கொண்டுபோனார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கெடுத்துடாதம்மா. உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன். இது இல்லன்னா நான் ஒண்ணுமே இல்ல."

அந்த மனுஷன் என்னிடம் அதுவரை எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அவர் கூண்டில் இருந்தபோது எப்படி இருந்தார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்த ஏணியில் அவர் ஏறுவதைப் பார்க்க நான் எத்தனை ஆசையோடு காத்திருந்தேன் என்று யாருக்குத் தெரியும்? விட்டுவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஒரே ஒரு பாரம்தானே. ஆனால் அவ்வளவு ஏணியும் ஏறி முடிப்பதற்குள் கண் இருட்டினால் என்ன ஆகும்? அந்த ஒரு பாரத்துக்குக் கீழே என் தம்பி நிற்பான். அதைவிடவும், இன்றைக்குப் பட்டினி ஜெயித்துவிட்டது என்று அவர் மேலே போனால், பிறகு எந்தத் தட்டுக்கு முன்னாலும் அவரை உட்கார வைக்க யாராலும் முடியாது. இரண்டு பக்கமும் எரிகிற கொள்ளியில் எறும்பு என்ன செய்யும்? எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல், தம்பி மேல், கயிறு மேல், இந்த முடிவை என் கையில் கொண்டுவந்து வைத்த எல்லாவற்றின் மேலும்.

வாக்கி டாக்கியை எடுத்து அழுத்தினேன்.

"நிறுத்து. எல்லாரும் நிறுத்துங்க. ஆபரேட்டர் ஏறல. உடம்பு சரியில்ல."

எங்கள் இடத்தில் அந்த வார்த்தையை யார் சொன்னாலும் சரி, சொன்னவரே விலக்கும்வரை ஒரு கொக்கியும் அசையாது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி வேகமாக வந்து இவர் கையைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த பிறகு கேள்வி கேட்கவில்லை. ஒருவரை அனுப்பிச் சர்க்கரை போட்ட டீ வரவழைத்து, கம்பி அடுக்கில் உட்கார வைத்துக் குடிக்கச் சொன்னார். என்னிடம், "டாக்டர் சரின்னு எழுதிக் குடுக்கட்டும், மறுபடி பாக்கலாம். ஆனா புதுசுக்கு ஆள் எனக்கு இன்னிக்கே வேணும்" என்றார்.

ஒட்டகம் தன் பையை எடுத்துக்கொண்டு புது கிரேனுக்குப் போனார். போகிற வழியில் பலகைக்காரர், "பொண்டாட்டி சிக்னல் குடுக்கற எடத்துல இதான் கதி" என்றார். ஒட்டகம் சிரிக்கவில்லை. இவர் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்துவிட்டுப் போனார்.

தம்பி இவர் முன்னால் போய் நின்று, "சங்கிலிய மறந்துட்டேன் மாமா" என்றான். "சரிடா" என்றார். என்னை அவர் பார்க்கவேயில்லை. அன்று முழுக்க வேறு பக்கம் நின்று வேலை பார்த்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்தார். இறங்கியதும் முன்னால் போன அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அவர் கனவைக் கலைத்தவள் நான்தான். அதைச் சொல்ல எனக்குச் சாட்சி வேண்டாம்.

வீட்டில் சமைத்தேன். என்ன சமைத்தேன் என்று எனக்கே தெரியாது. கைப்பழக்கத்தில் வெந்தது. இரண்டு தட்டு வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கூப்பிடுகிற தெம்பு இல்லை. அவர் வருவாரா, இல்லை கதவைச் சாத்திக்கொள்வாரா, இல்லை நான் தூங்கிய பிறகு பாத்திரங்களோடு நிற்பாரா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எது நடந்தாலும் இன்றைக்கு என்னால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

வந்தார். உட்கார்ந்தார். சோறு போட்டுக்கொண்டார், காய் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கு உன்கிட்ட பேச எனக்கு இஷ்டமில்ல" என்றார்.

"சரி."

"நாளைக்கும் இருக்காது."

"சரிங்க."

"நீ பண்ணது சரியா இருக்கலாம். ஆனா எனக்கு ஆறல. எப்ப ஆறும்னும் தெரியல."

"சரி."

"அந்தக் காய இப்படித் தள்ளு."

தள்ளினேன். அவர் கோபத்தை மறைக்கவில்லை. தாடை இறுகியிருந்தது. கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தத்திலேயே கோபம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கண்ணில் என் மேல் இருந்த வெறுப்பையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர் மென்று சாப்பிட்டார். நடுவில் தண்ணீர் குடித்தார். தட்டில் போட்டது தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்து, கொஞ்சம் போட்டுக்கொண்டு, அதையும் சாப்பிட்டு, போதும் என்று கையை எடுத்தார்.

எங்களுக்குள் சண்டை வந்த நாட்கள் எத்தனையோ. அந்த நாட்களில் இந்த மனுஷன் ஒன்று தட்டைத் தொடமாட்டார், இல்லை வீட்டில் எதையும் மிச்சம் வைக்கமாட்டார். கோபமாக இருந்துகொண்டே ஒரு சாதாரணச் சாப்பாட்டை அவர் சாப்பிட்டு நான் பார்த்ததேயில்லை.

நான் அழுதேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. தட்டைக் கழுவப் போனார்.